தென்காசிக்கு யார் யார் எம்.பி.? ஒரு பட்டியலைப் படிக்கும் முறை

மேற்கு ஆப்பிரிக்காவின் கானா 1957 மார்ச் 6 அன்று விடுதலை பெற்றது. அந்த வாரங்களில் இந்தியா தன் இரண்டாவது பொதுத்தேர்தலை நடத்திக்கொண்டிருந்தது. தென்காசி என்ற பெயரில் ஒரு மக்களவைத் தொகுதி முதன்முதலாக வாக்களித்ததும் அந்தத் தேர்தலில்தான். ஒரு நாடும் ஒரு தொகுதியும் சமமில்லை. ஆனால் இரண்டுக்கும் தலைவர் பட்டியல் ஒரே ஆண்டில் தொடங்குகிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இத்தகைய பட்டியல்களைப் பெயரும் ஆண்டுமாக மனப்பாடம் செய்கிறார்கள். ஒருவர் எப்படி வந்தார், எப்படிப் போனார் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அதில் வரலாறு தெரியும்.

கானாவைப் பார்ப்போம். முதல் தலைவர் குவாமே நிக்ருமா 1964இல் நாட்டை ஒரே கட்சியின் ஆட்சிக்குள் கொண்டுவந்தார். அதன்பின் அவரை வாக்குச்சீட்டால் இறக்க வழியே இல்லை. 1966 பிப்ரவரியில் அவர் வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தபோது ராணுவமும் போலீசும் ஆட்சியைப் பிடித்தன. 1969 தேர்தலில் வந்த பிரதமர் கோஃபி புசியாவை 1972இல் ராணுவ அதிகாரி அச்சம்பாங் கவிழ்த்தார். 1978இல் அச்சம்பாங்கை உடனிருந்த தளபதிகளே விலக்கினார்கள். 1979 ஜூனில் ஜெர்ரி ராலிங்ஸ் என்ற இளம் விமானப்படை அதிகாரியின் தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. அந்த ஒரே மாதத்தில் முன்னாள் ஆட்சித் தலைவர்கள் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தேர்தலில் வென்ற ஹில்லா லிமானிடம் ராலிங்ஸ் ஆட்சியைக் கொடுத்தார்; 1981இன் கடைசி நாளில் அவரே அதைப் பறித்துக்கொண்டார். 1992இல் புதிய அரசியல் சட்டம் வந்தது. ஒருவர் இரண்டு முறைதான் அதிபராகலாம் என்றானது. 2001 ஜனவரியில் ராலிங்ஸ் விலகி, எதிர்க்கட்சியின் ஜான் குஃபோரிடம் பதவியை ஒப்படைத்தார். ஒரு கட்சியிடமிருந்து மறு கட்சிக்கு ஆட்சி தேர்தல் வழியாக அமைதியாகக் கைமாற, விடுதலைக்குப் பின் ஏறத்தாழ 44 ஆண்டுகள் ஆயின.

தென்காசியின் பட்டியலில் துப்பாக்கி இல்லை. 1957 முதல் 2024 வரை 17 பொதுத்தேர்தல்களில் 11 பேர் வென்றிருக்கிறார்கள். முதலாமவர் காங்கிரசின் எம்.சங்கரபாண்டியன். திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த நேரம் அது. அடுத்து 1962இல் எம்.பி.சாமி, 1967இல் ஆர்.எஸ்.ஆறுமுகம், 1971இல் ஏ.எம்.செல்லச்சாமி, எல்லாருமே காங்கிரஸ். 1967 வெற்றியை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். அண்ணாவின் அலையில் சென்னை மாநிலத்தின் 39 இடங்களில் காங்கிரசுக்கு மிஞ்சியவை மூன்றே மூன்று. அதில் ஒன்று தென்காசி.

1971இல் வென்றவர் ஆறாண்டு பதவியில் இருந்தார். ஐந்தாண்டுச் சபைக்கு ஆறாண்டு ஆயுள் எப்படி வந்தது? நெருக்கடி நிலையில் மக்களவையின் காலம் நீட்டிக்கப்பட்டது. நம் பட்டியலில் தேர்தல் தள்ளிப்போன தழும்பு அது ஒன்றுதான். ஆண்டுகளைக் கழித்துப் பார்க்காதவர் கண்ணில் அது படாது.

1977இலிருந்து 1991 வரை ஐந்து தேர்தல்களில் காங்கிரஸ் சார்பில் எம்.அருணாசலம் வென்றார், 1996இல் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரசுக்குப் போய் ஆறாவது முறையும் வென்றார். மத்திய அமைச்சராகவும் இருந்தார். தனி மனிதரின் செல்வாக்கு என்று இதை எளிதாகச் சொல்லிவிடலாம். செல்வாக்கு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் யார் நின்றார்கள் என்று பாருங்கள். 1977இல் அதிமுக, 1980இல் திமுக, 1984, 1989, 1991 மூன்றிலும் அதிமுக, 1996இல் திமுக. ஒவ்வொரு முறையும் மாநிலத்தில் ஜெயித்த கூட்டணி அவர் பக்கம் இருந்தது. 1998இல் அந்தக் கணக்கு மாறியதும் அதிமுகவின் எஸ்.முருகேசன் வென்றார்.

அந்தச் சபை பதின்மூன்று மாதம்தான் நீடித்தது. 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்தது. ஆதரவை விலக்கிக்கொண்ட அதிமுகவின் 18 உறுப்பினர்களில் தென்காசி எம்.பி.யும் ஒருவர். டெல்லி அரசியல் நமக்கு எட்டாதது என்று நினைக்கிறவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும். அடுத்த தேர்தலில் முருகேசனே மீண்டும் வந்தார்.

கூட்டணிதான் இந்தப் பட்டியலின் முதுகெலும்பு என்பதற்கு இந்திய கம்யூனிஸ்ட் கட்சியைவிடத் தெளிவான சான்று இல்லை. 2004இல் திமுக அணியில் நின்று எம்.அப்பாத்துரை வென்றார். 2009இல் அதே கட்சி அதிமுக அணியில் நின்றது, பி.லிங்கம் வென்றார். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் அக்கட்சிக்குக் கிடைத்த ஒரே இடம் தென்காசி. இதன் மறுபக்கம் புதிய தமிழகம் கட்சியின் டாக்டர் கிருஷ்ணசாமி. 2014இல் திமுகவோடும், 2019இலும் 2024இலும் அதிமுகவோடும் சேர்ந்து நின்றார். மூன்று முறையும் அவர் சேர்ந்த அணி மாநிலம் முழுக்கச் சரிந்தது. அவருக்கு இரண்டாம் இடம். வென்றவர்கள் அதிமுகவின் வசந்தி முருகேசன், திமுகவின் தனுஷ் குமார், திமுகவின் டாக்டர் ராணி ஸ்ரீகுமார். வசந்திதான் தொகுதியின் முதல் பெண் எம்.பி. திமுக சொந்தச் சின்னத்தில் இங்கே முதன்முதலாக வென்றதே 2019இல்தான்.

2024இன் எண்களையும் பார்க்கலாம். ராணி பெற்றது சுமார் 4.25 லட்சம். கிருஷ்ணசாமிக்கு 2.29 லட்சம், பாஜக அணியில் நின்ற ஜான் பாண்டியனுக்கு 2.08 லட்சம். பின்னவர்கள் இருவரின் வாக்கைக் கூட்டினால் வென்றவரைத் தாண்டுகிறது. கூட்டினால் அப்படியே விழுந்திருக்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் இங்கே தீர்ப்பின் பாதி, வாக்குப்பதிவுக்கு முன்பே, சென்னையில் சீட்டுப் பங்கீட்டு மேசையில் எழுதப்படுகிறது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தனித்தொகுதியாக இருக்கும் தென்காசியில் பட்டியல் சாதி மக்களின் பிரதிநிதியைப் பெரும்பாலும் அந்த மேசைதான் முடிவு செய்கிறது. ஒதுக்கீட்டின் நோக்கத்துக்கு இது நல்லதல்ல என்பது என் கருத்து.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். தென்காசி மாவட்டம் 2019 நவம்பரில் உருவானது. ஆனால் தொகுதியின் எல்லை வேறு. மாவட்டத்தில் இருக்கும் ஆலங்குளம் வாக்களிப்பது திருநெல்வேலி எம்.பி.க்கு. விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தென்காசித் தொகுதிக்குள் வருகின்றன. மனுவோடு எந்த எம்.பி. அலுவலகத்துக்குப் போவது என்பதை இதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கானாவைப் போலவே பதவிச் சண்டை நம் ஊரிலும் நடக்கிறது. நடக்கும் இடம்தான் வேறு: நீதிமன்றம். தகுதி நீக்கம் செய்யப்பட்ட, அதிமுகவின் தினகரன் அணி எம்.எல்.ஏ.க்கள் 2018 அக்டோபரில் குற்றாலத்து விடுதியில் தங்கித் தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள். 25ஆம் தேதி உயர் நீதிமன்றம் தகுதி நீக்கம் செல்லும் என்றது. அவர்களின் பதவி போனது போனதுதான். 2021 சட்டமன்றத் தேர்தலில் தென்காசியில் காங்கிரசின் பழனி நாடார் 370 வாக்கில் வென்றார். தோற்ற அதிமுக வேட்பாளர் வழக்குப் போட்டார். 2023 ஜூலையில் தபால் வாக்குகளை மீண்டும் எண்ணினார்கள், முடிவு மாறவில்லை. கானாவிலும் 2012 தேர்தலில் தோற்ற அகுஃபோ-அட்டோ உச்ச நீதிமன்றம் போனார். மறு ஆண்டு ஆகஸ்டில் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. ஏற்றுக்கொண்டார். அடுத்த தேர்தலில் நின்று வென்று, 2017இல் அதிபரானார்.