ரோம் நகரத்து ஆர்ட்டிசோக்: அடுப்பில் சமைக்கும் முறையும் நோயாளர் அறிய வேண்டியவையும்

ஆர்ட்டிசோக் குறித்து எங்கள் இரைப்பை, குடல், கல்லீரல் நோய்ப் பிரிவில் இருவகை வினாக்கள் எழுகின்றன. “கல்லீரலைத் தூய்மையாக்கும்” என்று கூறி விற்கப்படும் ஆர்ட்டிசோக் கேப்சூலை உட்கொள்ளலாமா என்பது ஒன்று. வெளிநாட்டில் பிள்ளைகள் வீட்டில் தங்கும் காலத்தில் அங்கே கிடைக்கும் இக்காயைச் சமைத்து உண்ணலாமா என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் விடை ஒன்றன்று. அளவறிந்து சமைத்த காய் பெரும்பாலோர்க்கு நல்ல உணவு. அதன் இலைச் சாற்றைச் செறிவாக்கிய கேப்சூலோ மருந்தைப் போல் எச்சரிக்கையுடன் அணுக வேண்டிய பொருள். முதலில் சமையலையும், பின்னர் யார் எவ்வாறு உண்ண வேண்டும் என்பதையும் இங்கு விளக்குகிறோம்.

காயன்று, மொட்டு

ஆர்ட்டிசோக் சூரியகாந்தி, சாமந்தி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த செடி. நாம் உண்பது அதன் விரியாத பூமொட்டு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தடித்த மடல்களும், அவற்றின் அடியில் சதைப்பற்றுள்ள ஒரு பீடமும், பீடத்தின்மேல் பஞ்சு போன்ற நார்முடிகளும் அதில் உள்ளன. மடல்களின் அடிச்சதையும் பீடமும் உண்ணத் தக்கவை. முற்றிய மொட்டின் நார்முடிகள் உண்ணத் தகாதவை.

ரோம் நகரைச் சூழ்ந்த லாட்சியோ பகுதியில் ‘ரொமனெஸ்கோ’ என்னும் உருண்டையான, முள்ளில்லாத வகை விளைகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் இதற்குப் புவிசார் குறியீடு வழங்கியது. ரோமுக்கு அருகிலுள்ள கடலோர ஊரான லடிஸ்போலியில் 1950 முதல் இளவேனிற்காலத்தில் ஆர்ட்டிசோக் திருவிழா நடைபெற்று வருகிறது.

இம்மொட்டை ரோம் மக்கள் இரு முறைகளில் புகழ்பெறச் சமைக்கின்றனர். அந்நகரின் யூதச் சமூகத்தார் வழிவந்த முறையில் எண்ணெயில் முழுதாகப் பொரித்தெடுப்பர். மற்றொன்று ‘அல்லா ரொமானா’ எனப்படும் ரோமானிய முறை. இதில் மூடிய பாத்திரத்தில், சிறு தீயில், சிறிது நீரும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து வேகவைப்பர். எண்ணெய், உப்பு ஆகியவற்றின் அளவு சமைப்பவர் கையில் இருப்பதாலும், மொட்டு மிகவும் மென்மையாக வேகுவதாலும் நோயாளர் உள்ள இல்லங்களுக்கு இரண்டாவது முறையையே பரிந்துரைக்கிறோம்.

நால்வருக்கான செய்முறை

தேவையானவை: நடுத்தர அளவிலான 4 மொட்டுகள், ஓர் எலுமிச்சம்பழம், 2 பல் பூண்டு, 2 மேசைக்கரண்டி நறுக்கிய பார்ஸ்லி, ஒரு மேசைக்கரண்டி நறுக்கிய புதினா, 4 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், அரைத் தேக்கரண்டி உப்பு, சிறிது மிளகுத்தூள். ரோமில் புதினாக் குடும்பத்தைச் சேர்ந்த ‘மென்டூச்சா’ என்னும் நறுமணத் தழையைச் சேர்ப்பர். அது கிடைக்காத இடத்தில் புதினா போதும்.

எலுமிச்சைச் சாறு கலந்த ஓர் அகன்ற பாத்திர நீரை முதலில் ஆயத்தமாக வைத்துக்கொள்ளவும். வெட்டிய ஆர்ட்டிசோக் காற்றுப் பட்டவுடன் கறுக்கும். வாழைப்பூவை நறுக்கி மோர் கலந்த நீரில் இடுகிறோம் அல்லவா? காரணம் இங்கும் அதுவே. வெட்டுப்பட்ட இடத்தில் ஒரு நொதி செயற்பட்டு நிறத்தை மாற்றுகிறது. புளிப்பு அந்நொதியின் வேகத்தைக் குறைக்கிறது. கறுத்த காய் கெட்டதன்று. பார்வைக்கு மட்டும் குறை.

வெளிப்புறத்துக் கடினமான மடல்களை, வெளிர்பச்சை மடல்கள் தென்படும்வரை உரித்தெடுக்கவும். நுனியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி நீக்கவும். காம்பை முற்றிலும் வெட்டாமல், ஏறத்தாழ 5 செ.மீ. விட்டு, அதன் நார்த்தோலைச் சீவவும். உள்ளிருக்கும் காம்பும் சுவையானது. நடு மடல்களை விரலால் விரித்து, உள்ளே நார்முடிகள் இருப்பின் தேக்கரண்டியால் சுரண்டி எடுத்துவிடவும். ஒவ்வொரு மொட்டையும் உடனுக்குடன் எலுமிச்சை நீரில் இடவும்.

பூண்டைப் பொடியாக நறுக்கிப் பார்ஸ்லி, புதினா, உப்பு, மிளகுத்தூளுடன் கலந்து, மொட்டுகளின் நடுவிலும் மடல்களின் இடையிலும் திணிக்கவும். மொட்டுகள் நெருக்கமாக நிற்கும் அளவுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் அவற்றைத் தலைகீழாக, காம்பு மேல்நோக்கி இருக்குமாறு அடுக்கவும். அலுமினியப் பாத்திரமும் இரும்புச் சட்டியும் காயின் நிறத்தைக் கெடுக்கும். எண்ணெயை ஊற்றி, மொட்டுகளின் பாதி உயரத்திற்கு நீர் சேர்த்து, ஆவி வெளியேறாதவாறு மூடிச் சிறு தீயில் 30 முதல் 40 நிமிடம் வேகவைக்கவும். பீடத்தில் கத்திமுனை தடையின்றி இறங்கினால் பதம் சரி. இறுதியில் மூடியைத் திறந்து சாற்றைச் சற்றுச் சுண்டவைத்து, மேலே ஊற்றிப் பரிமாறவும். சூடாகவோ ஆறிய பின்னரோ உண்ணலாம்.

இவ்வளவில் ஒருவருக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் ஒரு கிராமுக்கும் குறைவான உப்பும் சேரும். எண்ணெய் மட்டுமே ஏறத்தாழ 120 கிலோகலோரி தரும். வெந்த மொட்டு தருவது அதில் பாதியளவே. ஆகவே உடல் எடையைக் குறைக்க வேண்டியவர்கள் குறைக்க வேண்டியது எண்ணெயையேயன்றிக் காயை அன்று. உப்பைப் பொறுத்தவரை, நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

யார், எவ்வாறு உண்பது?

நீரிழிவும் மலச்சிக்கலும் உள்ளவர்கள்: வெந்த நடுத்தர மொட்டு ஒன்றில் ஏறத்தாழ 7 கிராம் நார்ச்சத்து உள்ளது. இதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி ‘இனுலின்’ என்னும் வகையைச் சேர்ந்தது. அது சிறுகுடலில் செரிப்பதில்லை. ஆதலால் இரத்தச் சர்க்கரையை உயர்த்துவதுமில்லை. சோற்றின் அளவைச் சற்றுக் குறைத்து இதனைத் துணைக்கறியாகக் கொள்வது நன்று.

வயிற்று உப்புசமும் குடல் எரிச்சல் நோயும் உள்ளவர்கள்: மேற்கூறிய இனுலின் பெருங்குடலில் நுண்ணுயிர்களால் நொதிக்கப்பட்டு வாயுவை உண்டாக்கும். பூண்டும் அதே தன்மையது. இவர்கள் பூண்டைத் தவிர்த்து, முதல் முறை கால் மொட்டளவே உண்டு பார்க்க வேண்டும். தொல்லை தந்தால் விட்டுவிடலாம். இன்றியமையாத உணவு என்று எதுவும் இதில் இல்லை.

விழுங்குவதில் இடர்ப்பாடு அல்லது குடற்சுருக்கம் உள்ளவர்கள்: பக்கவாதத்திற்குப் பின் விழுங்கச் சிரமப்படுவோருக்கு மடல்களையும் நார்முடிகளையும் தரலாகாது. அவை தொண்டையில் சிக்கக்கூடும். பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர் இசைந்தால், பீடத்தை மட்டும் நன்கு மசித்துத் தரலாம். குடலில் சுருக்கம் உள்ளவர்கள் எங்களைக் கேளாமல் நார் மிகுந்த பகுதிகளை உண்ண வேண்டா.

சிறுநீரக நோயாளர்: வெந்த ஆர்ட்டிசோக் 100 கிராமில் ஏறத்தாழ 290 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளது. ரோமானிய முறையில் வெந்த நீரும் உணவோடு சேர்வதால், நீரில் கரைந்த பொட்டாசியமும் உடலுக்குள் செல்லும். பொட்டாசியக் கட்டுப்பாடு உள்ளவர்கள் மொட்டுகளை நறுக்கி, மிகுந்த நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, பிறகு எண்ணெயும் நறுமணத் தழையும் சேர்த்து வதக்க வேண்டும். அப்போதும் அளவை உணவியல் வல்லுநரே முடிவு செய்ய வேண்டும்.

வார்ஃபரின் உட்கொள்வோர்: ஆர்ட்டிசோக்கில் வைட்டமின் கே குறைவு. கவனிக்க வேண்டியது அதனுள் திணிக்கும் பார்ஸ்லியை. 2 மேசைக்கரண்டி பார்ஸ்லியில் 100 மைக்ரோகிராமுக்கும் மேற்பட்ட வைட்டமின் கே உண்டு. மேற்கூறிய அளவை நால்வர் பகிர்ந்தால் இடையூறில்லை. கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்து ஒரு வாரம் உண்பதும், மறு வாரம் அறவே விடுவதுமே இரத்த உறைவுச் சோதனை அளவுகளைத் தடுமாறச் செய்யும்.

கல்லீரல் நோயாளர்: சிலர் நீருக்குப் பதிலாக வெள்ளை வைன் சேர்ப்பர். சமைக்கும்போது மது முழுதும் ஆவியாகிவிடும் என்பது தவறான எண்ணம். அரை மணி நேரம் கொதித்த பின்னும் மூன்றில் ஒரு பங்கு எஞ்சக்கூடும். கல்லீரல் நோயாளர் வைனை முற்றிலும் தவிர்க்க வேண்டும். ஆர்ட்டிசோக் கலந்தது என்பதால் செரிமானத்திற்கு நல்லது எனக் கருதப்படும் இத்தாலிய மதுவகைகளும் மதுவே.

ஒரு சிறு செய்தி: ஆர்ட்டிசோக் உண்டபின் பருகும் நீர் சிலருக்கு இனிப்பாகத் தோன்றும். அதிலுள்ள சில வேதிப்பொருள்கள் நாவின் சுவையுணர்வைச் சற்று நேரம் மாற்றுவதே காரணம். அச்சம் வேண்டா.

கேப்சூலும் கண்ணாடிப் புட்டியும்

ஆர்ட்டிசோக் இலைச் சாறு பித்தநீர்ப் பெருக்கைத் தூண்டும் எனக் கருதப்படுகிறது. பித்தப்பையில் கல் உள்ளவருக்கு இத்தூண்டல் நன்மையன்று. கல் நகர்ந்து பித்தநாளத்தை அடைக்க நேரிடலாம். பித்தநாள அடைப்பு உள்ளவர்கள் கேப்சூலை அறவே தவிர்க்க வேண்டும். பித்தப்பைக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் தொடலாகாது. வலப்புற மேல்வயிற்று வலி, காய்ச்சல், கண் மஞ்சளாதல் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். சாமந்தி இனப் பூக்களுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் இது ஒவ்வாமற் போகலாம்.

கொழுப்பைக் குறைக்கும் என்ற கூற்றை ஆராய்ந்த காக்ரேன் மீளாய்வு 2013-இல் வெளிவந்தது. தகுதியான ஆய்வுகள் 3 மட்டுமே கிடைத்தன. சிறிதளவு பயன் இருக்கலாமெனினும் சான்று போதாது என்பதே அதன் முடிவு. ஆகவே மருத்துவர் எழுதித் தந்த கொழுப்புக் குறைப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு இதனை நம்புவது தீங்கு.

உப்பு நீரில் இட்டுப் புட்டியில் விற்கப்படும் ஆர்ட்டிசோக்கைக் கழுவி உண்பது உப்பைச் சற்றுக் குறைக்கும். சமைத்ததையோ பச்சையாகவோ வீட்டில் எண்ணெயில் மூழ்கவைத்துப் பல நாள் சேமிக்க வேண்டா. காற்றில்லாத அச்சூழலில் ‘போட்டுலிசம்’ என்னும் கொடிய நச்சுநோயை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும். அது மணத்தாலோ நிறத்தாலோ தெரியாமல் இருக்கலாம். சமைத்ததைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து 2 நாட்களுக்குள் உண்டு முடிக்கவும்.

அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது, உட்கொள்ளும் மாத்திரைகளுடன் மூலிகைக் கேப்சூல்களின் அட்டையையும் மறவாமல் எடுத்து வாருங்கள். எதைத் தொடரலாம், எதை நிறுத்த வேண்டும் என்பதை அவற்றைப் பார்த்த பின்னரே எங்களால் உறுதியாகக் கூற இயலும்.