நான்கு வீட்டு குக்கர் விசில்: படகின் ஜிபிஎஸ் எப்படி இயங்குகிறது?

ராமேஸ்வரத்திலிருந்து மீன்பிடிக்கப் போகும் விசைப்படகில், சுக்கானுக்கு எதிரே ஒரு சின்னத் திரை. படகு நிற்கும் இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகையாகக் காட்டிக்கொண்டே இருக்கும். சுற்றிலும் தண்ணீர் மட்டும்தான். பிறகு இடம் எப்படித் தெரிகிறது? அடுப்பில் குக்கரை ஏற்றிப் பார்ப்போம்.

ஊரில் நான்கு வீடுகளில் குக்கர். நான்கும் சரியாகப் பகல் 12 மணிக்கு விசிலடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். முதல் வீட்டு விசில் ஒரு நொடி தாமதமாகக் கேட்டால், அந்த வீட்டிலிருந்து 340 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். எந்தப் பக்கம் என்று தெரியாது. வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போடலாம், அவ்வளவே. அடுத்த வீட்டு விசிலுக்கு இன்னொரு வட்டம். இரண்டும் இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்ளும். அதில் எது உங்கள் இடம் என்பதை மூன்றாவது விசில் சொல்லிவிடும்.

நான்காவது எதற்கு? உங்கள் கைக்கடிகாரம் அரை நொடி முந்தி ஓடினால், எல்லா வட்டங்களும் 170 மீட்டர் பெருத்துவிடும். அவை ஒரு புள்ளியில் சந்திக்காது. எவ்வளவு நேரத்தைக் கழித்தால் நான்கும் ஒன்றுகூடுமோ, அதுதான் கடிகாரத்தின் பிழை.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், அணுக்கடிகாரம் வைத்து விசிலடிக்கும் குக்கர்கள். விசில் ரேடியோ அலை. நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் பாயும். நேரத்தில் நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரம் 300 மீட்டர் மாறும். படகுக் கருவியில் இருப்பதோ மலிவான கடிகாரம். அதனால்தான் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும்.

ஆழத்தை அளக்கும் எக்கோ சவுண்டரிலும் இதே கணக்குதான், ஆனால் குக்கர் நம்முடையதே. படகின் அடியில் பொருத்திய கருவி விசிலடிக்கும். அது கடல்தரையில் மோதித் திரும்பும். கடல்நீரில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர். எதிரொலி வர நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு ஆனால், ஒலி 30 மீட்டர் பயணித்திருக்கிறது. போக, வர என்று பாதியாக்கினால் ஆழம் 15 மீட்டர்.

ஒவ்வொரு கருவியும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். ஜிபிஎஸ்ஸுக்கு இடம் தெரியும். அங்கே பாறையா மணல்திட்டா என்று தெரியாது. அது வரைபடத்தின் பொறுப்பு. வரைபடம் என்றோ அளந்தது. மணல்திட்டு அதற்குள் நகர்ந்திருக்கலாம். எக்கோ சவுண்டருக்குக் காலடி தெரியும். முன்னால் இருப்பது தெரியாது. ஏஐஎஸ் என்ற கருவி அக்கம்பக்கக் கப்பல்களின் பெயர், இடம், வேகத்தைக் காட்டும். அந்தக் கருவி இல்லாத வள்ளத்தைக் காட்டாது.

ஆகவே ஒன்றை வைத்து மற்றதைச் சோதிக்க வேண்டும். வரைபடம் 6 மீட்டர் என்கிறது, எக்கோ சவுண்டர் 3 என்கிறதா? எது சரி என்று ஆராய்வது பிறகு. முதலில் இன்ஜின் வேகத்தைக் குறையுங்கள். பாக் நீரிணையில் 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி வகுத்த எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது; கருவியில் பதித்து, நெருங்கும்போதே ஒலிக்கும்படி அலாரம் வையுங்கள். ஆள் தவறிக் கடலில் விழுந்தால், ஜிபிஎஸ் கருவியில் அதற்கென்றே இருக்கும் எம்ஓபி பொத்தானை அழுத்துங்கள். அந்த இடம் பதிவாகும். ஆனால் நீரோட்டம் ஆளை இழுத்துப் போகும், கண்ணை எடுக்கக் கூடாது.

மணிக்கொருமுறை இடத்தையும் போகும் திசையையும் நோட்டில் எழுதுங்கள். பேட்டரி படுத்துவிட்டால், கடைசியாக எழுதிய வரியும் காந்தத் திசைகாட்டியும்தான் கரைக்கு வழி.