காவலூரின் இரு பெருந்தொலைநோக்கிகள்

சென்ற கோடை விடுமுறையில் என் பேரன் இரண்டு கார்களின் படங்களை என் முன் வைத்தான். ஒன்று 1961இல் வெளிவந்த இங்கிலாந்தின் ஜாகுவார் ஈ-டைப். மற்றொன்று 1989இல் வெளிவந்த ஜப்பானின் மாஸ்டா எம்.எக்ஸ்-5. "இவற்றுள் எது மேல், தாத்தா?" என்று கேட்டான். கார்களைப்பற்றி நான் அறிந்தது சொற்பமே. ஆயினும், இரு நாடுகளில் இரு காலங்களில் பிறந்த பொறிகளை ஒப்பிடும்போது நான் ஒருமுறை தவறியதுண்டு. அதை அவனுக்குச் சொல்ல எண்ணிக் காவலூருக்கு அழைத்துச் சென்றேன்.

ஜவ்வாது மலையில், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் அங்கே வானாய்வகம் அமைந்துள்ளது. அதன் பெருங்கருவிகளுள் மூத்தது, அந்நாளைய கிழக்கு ஜெர்மனியின் ஜேனா நகரில் கார்ல் ஸைஸ் நிறுவனம் செய்தது; 1972இல் நிறுவப்பெற்றது. அதன் ஆடி 102 சென்டிமீட்டர் குறுக்களவுடையது. மற்றொன்று நம் நாட்டிலேயே உருவாகி, 1986 ஜனவரியில் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பெற்ற வைணு பாப்பு தொலைநோக்கி. அதன் ஆடி 234 சென்டிமீட்டர்.

அப்போது நான் இளம் ஆசிரியன். ஆடி திரட்டும் ஒளி அதன் பரப்பைப் பொறுத்தது. பரப்போ குறுக்களவின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே புதியது ஐந்து மடங்கிற்கும் சற்று மேலான ஒளியைத் திரட்டும் என்று கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டி, "பழையதற்கு இனி வேலையில்லை" என்றும் சொல்லிவிட்டேன். கணக்கு சரிதான், முடிவுதான் அவசரம்.

1977 மார்ச் 10ஆம் நாளிரவு யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. கோள் நெருங்குவதற்கு முன்னரே விண்மீனின் ஒளி சட்டெனக் குன்றி மீண்டது. கோளுக்கு வெளியே ஏதோ ஒன்று ஒளியை மறித்திருக்கிறது! காவலூரில் அதைப் பதிவுசெய்தது அந்த ஜேனாக் கருவி. அமெரிக்கர் விமானத்தில் ஏற்றிச்சென்ற 91 சென்டிமீட்டர் தொலைநோக்கியும் அதனைக் கண்டது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென உலகம் அறிந்தது இவ்வாறுதான். அவ்விரவில் தேவைப்பட்டது பேராடியன்று. உரிய இடத்தில், உரிய நொடியில் விழித்திருந்த ஆடி.

அப்படியாயின் புதியதன் சிறப்பு எங்கே? அது செய்யப்பட்ட விதத்தில் என்பேன். மங்கிய விண்மீன்களை ஆராய அதன் ஒளித்திரட்சி வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் விலைகொடுத்து வாங்கிய கருவியினால் பார்க்கக் கற்கலாம், செய்யக் கற்கவியலாது. ஆடிக்கான கண்ணாடி மேற்கு ஜெர்மனியின் ஷாட் நிறுவனத்திலிருந்து வந்தது. (அந்நிறுவனமும் ஜேனாவில் பிறந்ததே, போருக்குப் பின்னர் மைன்ஸ் நகருக்குப் பெயர்ந்தது.) அதைப் பெங்களூரில் நம்மவர் தேய்த்தனர், சோதித்தனர், மீண்டும் தேய்த்தனர். ஒளியலையின் நீளமே ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ஆடியின் வளைவில் பிழை அதிலும் சிறு பின்னமாக இருத்தல் வேண்டும். தாங்கும் இரும்புக்கட்டமைப்பு மகாராஷ்டிரத்து வால்சந்த்நகர் ஆலையில் உருவாயிற்று. இப்பணியைத் தொடங்கிய வைணு பாப்பு 1982இல் காலமானார். முடிந்த கருவியை அவர் காணவில்லை.

மலையிறங்கும்போது பேரன் கார்ப்படங்களை வெளியே எடுக்கவில்லை. கண்ணாடியை எதைக்கொண்டு தேய்ப்பார்கள் என்று கேட்டான். ஆலங்காயம் வரும்வரை அதையே பேசிக்கொண்டு வந்தோம்.