நிகோபாருக்குப் போகும் பூட்லோடர்

மின்சாரம் வந்த நொடியிலிருந்து இயங்குதளம் பொறுப்பேற்கும் நொடி வரை ஒரு கணினிப் போர்டை நடத்திச் செல்லும் சிறு நிரல்தான் பூட்லோடர். வீட்டுக் கணினியில் அது இருப்பதே பலருக்குத் தெரியாது. ஏதாவது பழுதானால் அணைத்துப் போடுவோம், இல்லாவிட்டால் கடைக்குத் தூக்கிச் செல்வோம். கடலோர அலைமானி, நிலநடுக்கப் பதிவுக்கருவி, வானிலை நிலையம் போன்றவற்றுக்குள் இருக்கும் போர்டுகளுக்கு அந்த வசதி இல்லை. அங்கே அணைத்துப் போடக் கை கிடையாது. மின்சாரம் போய் வந்ததும் போர்டு தானாக எழவேண்டும். எழ முடியாவிட்டால் வேறு வழியைத் தானே தேடவேண்டும். அந்த வழிகளை முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் பூட்லோடரை அமைக்கும் வேலை.

இந்தியாவில் இந்த வேலை எவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்தமான் நிகோபார் தீவுகளைவிடத் தெளிவான இடம் வேறில்லை. 2004 டிசம்பர் 26 அன்று இந்திய நேரம் காலை 6.28-க்கு சுமத்ராவுக்கு அருகே நிலம் பிளந்தது. பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் முதலில் கணித்த அளவு 8.0. ஒரு மணி நேரம் கழித்து அது 8.5 ஆனது. உண்மையான அளவு 9-ஐத் தாண்டியது என்பது பிறகுதான் தெரியவந்தது. மிகப் பெரிய நிலநடுக்கத்தின் அளவை, நில அதிர்வு அலைகளை மட்டும் வைத்துச் சில நிமிடங்களில் சரியாகச் சொல்வது கடினம். நிலம் நிரந்தரமாக எவ்வளவு நகர்ந்தது என்பதைச் செயற்கைக்கோள் வழி அளந்தால் விடை சீக்கிரம் கிடைக்கும். அன்றைய நகர்வு சாதாரணமானதல்ல. கிரேட் நிகோபாரின் தென்கோடியான இந்திரா முனையில் கலங்கரை விளக்கம் நின்ற நிலம் 4 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. வடக்கு அந்தமானில் பவளப்பாறைகள் நீருக்கு மேலே எழுந்தன.

ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல் தகவல் சேவை மையத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் செயல்படத் தொடங்கியது. செயற்கைக்கோள் வழி நில நகர்வை அளக்கும் கருவியும் பலத்த அதிர்வைப் பதியும் கருவியும் சேர்ந்த நிலையங்கள் தீவுகளில் அமைக்கப்பட்டன; விசாட் என்ற செயற்கைக்கோள் இணைப்பு வழியாகத் தரவு போகிறது. கடலடியில் நீரழுத்தத்தை அளந்து மிதவைக்குச் சொல்லும் கருவிகளைச் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிப் பராமரிக்கிறது. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிகோபார் அருகே வந்த நிலநடுக்கத்தின் அலைகளை நாகப்பட்டினம் உள்ளிட்ட துறைமுகங்களின் அலைமானிகள் காகிதச் சுருளில் கோடாகக் கிழித்து வைத்தன. அந்தக் கருவிக்குச் சாவி கொடுத்தால் போதும். இன்றைய கருவிக்குள் ஒரு முழுக் கணினி இருக்கிறது, அதற்குத் துவக்கம் என்ற ஒன்று உண்டு.

போர்ட் பிளேர், அதாவது 2024-இல் பெயர் மாற்றப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து கிரேட் நிகோபார் சுமார் 500 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. கப்பலில் போவதென்றால் கடலும் அட்டவணையும் ஒத்துழைக்கவேண்டும். நிகோபார் தீவுகள் பலவற்றுக்குள் நுழைய, பழங்குடியினர் பாதுகாப்புக்கான 1956-ஆம் ஆண்டு ஒழுங்குவிதியின்படி அனுமதியும் வாங்கவேண்டும். ஒரு ரீசெட் பொத்தானை அழுத்தப் போகும் பயணம் வாரக் கணக்கில் இழுக்கலாம்.

துவக்கம் நடக்கும் விதத்தை ஒரு போர்டை வைத்துப் பார்ப்பது எளிது. 2013-இல் வெளிவந்த பீகிள்போன் பிளாக், மாணவர்கள் முதல் கருவி செய்பவர்கள் வரை பலரும் பயன்படுத்தும் சிறு போர்டு. அதன் செயலிக்குள் தயாரிப்பாளர் நிரந்தரமாகப் பதித்த ரோம் நிரல் ஒன்று இருக்கிறது; அதை யாரும் மாற்ற முடியாது. மின்சாரம் வந்ததும் சில பின்களின் நிலையைப் படித்து, எந்த வரிசையில் தேடவேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. வழக்கமான வரிசை இது: முதலில் போர்டிலேயே பற்றவைத்திருக்கும் இஎம்எம்சி சேமிப்பகம், பிறகு எஸ்டி கார்டு, பிறகு சீரியல் போர்ட், கடைசியாக யுஎஸ்பி. போர்டில் உள்ள எஸ்2 பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்தால் இஎம்எம்சியைத் தொடாமல் எஸ்டி கார்டுக்குப் போய்விடும்.

இந்த வரிசையிலேயே தீவுக்குப் பயன்படும் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. இஎம்எம்சியில் உள்ள முதல் நிரல் சிதைந்து போனால், ரோம் தானே எஸ்டி கார்டைத் தேடும். மீட்பு அமைப்பு ஒன்றை எழுதிய கார்டை அந்தத் துளையில் எப்போதும் விட்டு வைப்பது செலவில்லாத காப்பு. தினசரி வேலையை மட்டும் கார்டிலிருந்து ஓட்டக்கூடாது. உப்புக் காற்றில் அதன் தொடுமுனைகள் அரிக்கும், அதிர்வில் நழுவும்.

ரோம் கண்டுபிடிக்கும் முதல் நிரலின் பெயர் எஸ்பிஎல். வெளியே உள்ள 512 மெகாபைட் நினைவகம் அந்த நேரத்தில் இன்னும் உயிர் பெற்றிருக்காது; செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகத்தில் 109 கிலோபைட்டுக்குள் எஸ்பிஎல் அடங்கவேண்டும். வெளி நினைவகத்தை எழுப்புவதுதான் அதன் முதல் கடமை. பிறகு முழு பூட்லோடரை அங்கே ஏற்றி வழிவிடுகிறது. முழு பூட்லோடர், இயங்குதளத்தின் மையமான கெர்னலையும், போர்டில் என்னென்ன எங்கே இருக்கின்றன என்ற விவரம் அடங்கிய டிவைஸ் ட்ரீ கோப்பையும் ஏற்றி, லினக்ஸிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

சிறு போர்டுகளின் உலகில் இந்த வேலைக்கு அதிகம் பயன்படுவது யு-பூட். ஜெர்மனியைச் சேர்ந்த வுல்ஃப்காங் டெங்க் பவர்பிசி செயலிகளுக்காக 2000-ஐ ஒட்டி வளர்த்த நிரல், 2002-இல் மற்றச் செயலிகளுக்கும் விரிந்து இந்தப் பெயரைப் பெற்றது. அவர் 2022-இல் மறைந்தார். நிரலின் மூலம் இன்றும் யாருக்கும் திறந்தே இருக்கிறது.

யு-பூட்டை அமைப்பவர் பொதுவாக வெறும் தாளிலிருந்து தொடங்குவதில்லை. தன் போர்டுக்கு நெருங்கிய போர்டின் டெஃப்கான்ஃபிக் என்ற இயல்பு அமைப்புக் கோப்பை எடுத்துக்கொண்டு, மெனுகான்ஃபிக் பட்டியலில் வேண்டாததை நீக்கி வேண்டியதைச் சேர்க்கிறார். பிறகு தன் போர்டின் டிவைஸ் ட்ரீயை எழுதுகிறார். இதில் அதிகப் பொறுமை கேட்பது வெளி நினைவகத்தின் நேர அளவுகள். ஒரு எண் சற்றுப் பிசகினாலும் போர்டு ஆய்வகத்தின் ஏசி அறையில் பல நாள் ஒழுங்காக ஓடும். வெயிலில் சூடேறிய பெட்டிக்குள் காரணம் தெரியாமல் நின்றுபோகும். நினைவகச் சோதனையை வெப்ப அறையில் ஓடவிட்டுப் பார்க்காமல் அந்த எண்களை நம்பக்கூடாது.

மற்ற அமைப்புகளில் பெரும்பாலானவை மேசையில் வேலை செய்பவரின் வசதிக்காக வைக்கப்பட்டவை. தீவுக்குப் போகும் போர்டில் அவற்றை அப்படியே விடுவதுதான் பல பழுதுகளுக்கு வேர்.

பூட்டிலே என்ற சிறு அமைப்பே இதற்குப் போதுமான சான்று. யு-பூட் எழுந்ததும் சீரியல் கன்சோலில் ஒரு வரி வரும்: ஏதாவது விசையை அழுத்தினால் துவக்கம் நிற்கும் என்று சொல்லி, இரண்டு நொடி எண்ணும். எழுதுபவருக்கு அது தேவையான இடைவெளி. நிலையத்தில் அந்த சீரியல் கம்பியின் மறுமுனை பெரும்பாலும் எதிலும் இணைக்கப்படாமல் தொங்கும். இடி மின்னலிலோ மோடத்தின் ரேடியோ இரைச்சலிலோ அந்தக் கம்பியில் ஒரு துடிப்பு ஏறினால், யு-பூட் அதை யாரோ விசையை அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். துவக்கம் நின்று, கட்டளைக்காகக் காத்துக்கொண்டிருக்கும். விளக்கு எரியும், மின்சாரம் செலவாகும், தரவு மட்டும் வராது. மோடத்தையே அந்த போர்ட்டில் மாட்டியிருந்தால் அது எழும்போது அனுப்பும் வரவேற்பு எழுத்துகளே போதும். பீகிள்போனில் இந்தத் தொல்லை அடிக்கடி வந்ததால்தான் அதற்கான யு-பூட், எந்த விசை என்றாலும் நிற்பதை விட்டு, ஸ்பேஸ் விசைக்கு மட்டும் நிற்கும்படி மாற்றப்பட்டது. நிலையத்துக்கு அதுவும் போதாது. நிறுத்துவதற்கு ஒரு நீண்ட சொல்லை நிர்ணயிக்கலாம். இல்லாவிட்டால் பூட்டிலேவை -2 என்று வைக்கலாம். அப்போது காத்திருப்பதும் இல்லை, விசையைப் பார்ப்பதும் இல்லை. 0 என்று வைத்தால் காத்திருப்பு மட்டும்தான் போகும், விசையைப் பார்ப்பது தொடரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இந்த அமைப்புகளெல்லாம் என்விரான்மென்ட் என்ற சிறு பகுதியில் சேமிக்கப்படுகின்றன. அதைத் திருத்தி எழுதும்போது மின்சாரம் போனால் பாதி எழுதிய நிலை உண்டாகும். யு-பூட் சரிபார்ப்பு எண்ணைப் பார்த்து, பொருந்தாவிட்டால் நிரலோடு வந்த இயல்பு அமைப்புக்குத் திரும்பிவிடும். அதுவோ மேசைக்கான அமைப்பு. ஆகவே இரண்டு பிரதிகள் வைக்கும் வசதியை இயக்கவேண்டும். ஒன்றை எழுதும்போது மற்றது தொடப்படுவதில்லை. இயல்பு அமைப்பையும் தீவுக்கு ஏற்றபடியே நிரலுக்குள் பதித்துவிடுவது இன்னும் நல்லது.

மின்சாரம் போவது இங்கே அரிதல்ல. சோலார் பலகையும் 12 வோல்ட் பேட்டரியும்தான் இத்தகைய நிலையங்களின் ஆதாரம். தென்மேற்குப் பருவமழை மே மாதமே வந்துவிடுகிறது, வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை நீடிக்கிறது. நாள் கணக்கில் வெயில் முகம் காட்டாது. பேட்டரி மெல்ல இறங்கும்போது ஒரு சுழற்சி தொடங்கும். போர்டு எழும், எழும்போது இழுக்கும் மின்னோட்டத்தில் மின்னழுத்தம் சரியும், போர்டு விழும், சுமை நீங்கியதும் மின்னழுத்தம் ஏறும், மறுபடி எழும். ஒவ்வொரு முறையும் இஎம்எம்சி ஆபத்தான நிலைக்குப் போய் வருகிறது. பூட்லோடர் முதல் வேலையாக பேட்டரியை அளந்து, போதாவிட்டால் கெர்னலை ஏற்றாமல் போர்டை அணைத்துவிடும்படி எழுதலாம். சார்ஜ் கன்ட்ரோலரிலும் துண்டிக்கும் அளவுக்கும் மறுபடி இணைக்கும் அளவுக்கும் இடையே நல்ல இடைவெளி வைக்கவேண்டும். ஒன்றிருந்தால் மற்றது வேண்டாம் என்று விட்டுவிட முடியாது.

அடுத்தது அப்டேட். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் மற்றத் தீவுகளுக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார் வரை அது போகிறது. கேபிள் கரையேறும் ஊருக்கும் காட்டோரத்து நிலையத்துக்கும் இடையே விசாட் இன்னும் தேவைப்படுகிறது. எந்த வழியாகப் போனாலும், தொலைவிலிருந்து புதிய மென்பொருளை ஏற்றுவதுதான் ஒரு நிலையத்துக்கு நேரும் மிக அபாயமான காரியம்.

இதற்குக் கைகண்ட முறை, இஎம்எம்சியில் இரண்டு முழு அமைப்புகளுக்கு இடம் ஒதுக்குவது. ஏ பகுதி ஓடிக்கொண்டிருக்க, புதியது பி பகுதியில் எழுதப்படுகிறது. எழுதி முடிந்ததும் பியிலிருந்து துவங்கு என்று என்விரான்மென்டில் மாற்றி, மறுதுவக்கம் செய்கிறார்கள். இனி நடப்பதை யு-பூட்டின் மூன்று மாறிகள் பார்த்துக்கொள்கின்றன. ஒவ்வொரு துவக்கத்துக்கும் பூட்கவுன்ட் ஒன்று கூடுகிறது. பி நல்லபடியாக எழுந்து, தரவு மையத்தோடு பேசி முடித்த பிறகு அதைச் சுழியாக்கவேண்டும். பி எழாமல் திரும்பத் திரும்ப விழுந்தால், பூட்லிமிட்டில் குறித்த எண்ணைப் பூட்கவுன்ட் தாண்டும். அப்போது யு-பூட் வழக்கமான கட்டளையை விட்டுவிட்டு ஆல்ட்பூட்கமான்டை ஓட்டும். அதில் ஏ பகுதிக்குத் திரும்பு என்று எழுதியிருக்கவேண்டும். அதை எழுத மறந்தவர்களின் போர்டு எல்லையைத் தாண்டியும் எங்கும் போக வழியில்லாமல் நின்றுவிடுகிறது. சுழியாக்கும் கட்டளையை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். லினக்ஸ் எழுந்தவுடனே சுழியாக்கினால், நெட்வொர்க் வேலை செய்யாத அமைப்பும் நல்ல அமைப்பாகக் கணக்கில் சேர்ந்துவிடும்.

இவை எல்லாம், விழுந்த போர்டு மறுபடி துவங்கினால்தான் பயன்படும். உறைந்து நிற்கும் போர்டு எதையும் எண்ணாது. அதற்காகத்தான் வாட்ச்டாக் என்ற கடிகாரம். குறித்த நேரத்துக்குள் யாரும் அதைத் தொடாவிட்டால் செயலியை அது மறுதுவக்கம் செய்துவிடும். பீகிள்போனின் ரோம் அதை 3 நிமிடத்துக்கு வைத்து ஓடவிட்டுத்தான் வெளியேறுகிறது. வழக்கமான யு-பூட் அமைப்பு வந்ததும் அதை நிறுத்திவிடும். தீவுக்கான அமைப்பில் அதை நிறுத்தாமல் லினக்ஸ் கையில் ஓடியபடியே ஒப்படைக்கவேண்டும். கெர்னல் தானே முடங்கி நின்றால் சில நொடிகளில் மறுதுவக்கம் ஆகவேண்டும் என்ற பேனிக் அளவையும் துவக்க வரியில் சேர்க்கவேண்டும். இல்லையேல் கெர்னல் பிழைச் செய்தியோடு அப்படியே நிற்கும்.

பூட்லோடரையே தொலைவிலிருந்து மாற்றுவதை முடிந்தவரை தவிர்ப்பதே சரி. தவிர்க்க முடியாதபோது, இஎம்எம்சியில் வன்பொருளாகவே இருக்கும் இரண்டு துவக்கப் பகுதிகள் பல செயலிகளில் உதவுகின்றன. புதியதை இரண்டாவது பகுதியில் எழுதி, படித்துச் சரிபார்த்து, பிறகுதான் எதிலிருந்து துவங்குவது என்ற குறிப்பை மாற்றவேண்டும்.

வேகமும் ஒரு கேள்வி. நிலநடுக்கத்தில் மின்சாரம் விட்டு வந்தால், போர்டு எழும் நொடிகள் அத்தனையும் தரவில்லாத நொடிகள். நிகோபாருக்கு முதல் அலை வர அரை மணி நேரம்கூட ஆகாமல் போகலாம். ஃபால்கன் முறையில் எஸ்பிஎல்லே நேராக கெர்னலை ஏற்றி நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் முழு யு-பூட்டை அது தாண்டிப் போவதால், மேலே சொன்ன எண்ணிக்கையும் திரும்பும் வழியும் எஸ்பிஎல்லில் தனியாகச் செய்யப்படாவிட்டால் இல்லாமல் போகும். மீண்டு எழும் வழியை விற்றுச் சில நொடிகளை வாங்குவது தகாது. தேவையற்ற டிரைவர்களை நீக்குவது, கன்சோலில் எழுதும் செய்திகளைக் குறைப்பது, காத்திருப்பை எடுத்துவிடுவது ஆகியவற்றாலேயே கணிசமான நேரம் மிச்சமாகும்.

பாதுகாப்புக்கு, கெர்னலையும் டிவைஸ் ட்ரீயையும் ஒரே தொகுப்பாகக் கட்டி டிஜிட்டல் கையொப்பம் இடலாம். பொதுச் சாவியை வைத்திருக்கும் யு-பூட் பொருந்தாததை ஏற்ற மறுக்கும். எச்சரிக்கைத் தரவு தரும் நிலையத்துக்கு இது அவசியம். கையொப்பமிடும் தனிச் சாவி தொலைந்தால் அந்தப் போர்டுகளுக்குப் புதிய கெர்னலை அனுப்பவே முடியாது என்பதால், அது ஒருவர் மடிக்கணினியில் மட்டும் இருக்கக்கூடாது.

இந்தியாவிலேயே வடிவமைக்கப்படும் செயலிகளுக்கும் இதே ஒழுங்குதான். ஐஐடி மெட்ராஸின் சக்தி, சி-டாக்கின் வேகா ஆகியவை ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுகின்றன. அந்தக் குடும்பத்தில் லினக்ஸ் ஓடும் போர்டுகளில் எஸ்பிஎல்லுக்கும் யு-பூட்டுக்கும் நடுவே ஓபன்எஸ்பிஐ என்ற அடுக்கு வழக்கமாக வருகிறது. அமைப்பவர் அதன் பதிப்பையும் சேர்த்துக் கவனிக்கவேண்டும்.

சோதனை செய்யாத மீட்பு வழியை மீட்பு வழி என்று சொல்ல முடியாது. கப்பலேற்றும் முன் போர்டின் மின்சாரத்தை ரிலே ஒன்றின் வழியாக, ஒழுங்கற்ற இடைவெளிகளில், அப்டேட் எழுதும் நடுவிலும் என்விரான்மென்ட் எழுதும் நடுவிலும் நூற்றுக்கணக்கான முறை துண்டித்துப் பார்க்கிறார்கள். வேண்டுமென்றே கெட்டுப்போன கெர்னலை பி பகுதியில் வைத்து, போர்டு தானாக ஏ பகுதிக்குத் திரும்புகிறதா என்று பார்க்கிறார்கள். சீரியல் கம்பியில் குப்பை எழுத்துகளை அனுப்பியபடியே துவக்குகிறார்கள். மின்னழுத்தத்தை மெல்ல மெல்லக் குறைத்து, எந்த அளவில் அணைகிறது, எந்த அளவில் எழுகிறது என்று குறிக்கிறார்கள். யு-பூட்டின் பதிப்பு எண், கான்ஃபிக் கோப்பு, என்விரான்மென்டின் முழுப் பிரதி, இந்தச் சோதனைகளின் முடிவு ஆகியவற்றை ஒவ்வொரு போர்டின் வரிசை எண்ணோடும் சேர்த்துக் கோப்பில் வைக்கவேண்டும். சில ஆண்டுகள் கழித்து அந்த நிலையத்துக்கு அப்டேட் எழுதப்போகிறவர் வேறொருவராக இருப்பார். அங்கே என்ன ஓடுகிறது என்பதை அவர் அந்தக் கோப்பிலிருந்துதான் அறிவார்.