வீட்டுப் பொருள் காப்பீடும் கலவரமும்

1995 ஆகஸ்டு 31 அன்று தூத்துக்குடி அருகே கொடியன்குளத்தில் புகுந்த காவல்துறை, தலித் மக்களின் தொலைக்காட்சிகளையும் மின்விசிறிகளையும் நொறுக்கியது, சான்றிதழ்களையும் அழித்தது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியில் சாதிக் கும்பல் வீடுகளைச் சூறையாடி எரித்தது. ஒரு தலைமுறை உழைத்துச் சேர்த்த பொருள்களே இரண்டு ஊர்களிலும் இலக்காயின.

இவ்விழப்பைக் காப்பீடு ஈடுசெய்யுமா? 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் 'பாரத் கிரக ரக்ஷா' பாலிசி தீ, வெள்ளம், கலவரம், வேண்டுமென்றே விளைவிக்கும் சேதம் ஆகியவற்றை ஏற்கிறது. சிற்றாற்று வெள்ளத்தை அஞ்சி இலஞ்சியில் ஒருவர் எடுக்கும் அதே பாலிசி கலவரத்துக்கும் பொருந்தும். வாடகைக்குக் குடியிருப்போர் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம்.

விதிவிலக்குகளைத்தான் ஊன்றிப் படிக்க வேண்டும். கலவரத்தை ஒட்டி ஏழு நாள்களுக்குள் நிகழும் திருட்டுக்கு இழப்பீடு உண்டு. வெறும் களவுக்கு இல்லை. நகைகளுக்குத் தனியே தொகை குறிக்க வேண்டும். ரொக்கமும் ஆவணங்களும் பொதுவாகச் சேரா. அரசு அதிகாரத்தின் உத்தரவால் அழிக்கப்பட்டவையும் சேரா. கொடியன்குளம் போன்ற நிகழ்வில் நிறுவனம் பற்றிக்கொள்ளக்கூடிய வரி இதுவே. அத்தகைய உத்தரவே இல்லை என்று வாதாட, புகார் நகலும், முன்பே வேறிடத்தில் பாதுகாத்த ரசீதுகளும் புகைப்படங்களும் வேண்டும்.

காப்பீடு இருப்பதைக் காட்டி அரசு ஒதுங்க இயலாது. சொத்துச் சேதத்துக்கான நிவாரணத்தை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ(11) பிரிவு பாதிக்கப்பட்டோரின் உரிமையாக்கியுள்ளது. அதற்குத் திட்டம் வகுப்பது மாநில அரசின் கடமை.