திடலில் பார்த்த பேய்கள்



சென்ற மாதம் சுங்கைப்பட்டாணியில் ஒரு கருமாதி வீட்டுக்குப் போயிருந்தோம். சாப்பாடு முடிந்த நேரத்தில் பெருமழை பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் மின்சாரமும் போய்விட்டது. ஒரு மெழுகுவர்த்தியைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். எல்லாருமே ஒரு காலத்தில் பீடோங், பாடாங் செராய், குவாலா கெட்டில் பக்கத்துத் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள். அல்லது அவர்கள் பெற்ற பிள்ளைகள். இருட்டில் உட்கார்ந்தால் நம்மவர்கள் எதைப் பேசுவார்கள்? பேயைத்தான்!

"நெஞ்சம் மறப்பதில்லை பாத்துட்டு அன்னைக்கு ராத்திரி லயத்துல யாரு தூங்குனா?" என்று ஆரம்பித்தார் எழுபத்தைந்தைத் தாண்டிய ஒரு பெரியவர். அவ்வளவுதான்! ஆளாளுக்குத் தாங்கள் பார்த்துப் பயந்த படத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். சங்கக் கூட்டத்துக்கு வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நாம் எழுதிக்கொண்டே வந்தோம். அதைத்தான் இந்த வாரம் உங்கள் முன் வைக்கிறோம்.

துரையும் ஜமீன்தாரும்

பெரியவர் சொன்ன காட்சியை வயதானவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பந்து விளையாடும் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். லோரியில் ஜெனரேட்டர் வரும். பாயையும் சாக்கையும் போட்டு இடம் பிடிப்பதற்குப் பிள்ளைகள் சாயங்காலமே போய்விடுவார்கள். இடம் கிடைக்காதவர்கள் திரைக்குப் பின்பக்கம் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்களுக்கு எழுத்தெல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும். கதாநாயகன் இடது கையால் சாப்பிடுவான்!

ஸ்ரீதர் இயக்கிய 'நெஞ்சம் மறப்பதில்லை' 1963-இல் வெளிவந்தது. கல்யாண்குமார், தேவிகா, நம்பியார் நடித்தது. பாழடைந்த ஒரு ஜமீன் மாளிகைக்குள் காலை வைத்த இளைஞனுக்குப் போன பிறவி ஞாபகம் வருகிறது. போன பிறவியில் அவன் ஜமீன்தார் மகன். ஏழைக் குடியானவன் மகளை விரும்பினான். ஜமீன்தார் அந்தக் காதலைத் துப்பாக்கியால் முடித்துவைத்தார். இவர்கள் மறுபடி பிறந்து வரும்போது அந்த ஜமீன்தாரோ நூறு வயதைத் தாண்டியும் சாகாமல் காத்திருக்கிறார், இந்தப் பிறவியிலும் பிரிப்பதற்கு!

"பேய் எங்கப்பா அதுல? உயிரோட இருக்கிற அந்தக் கெழவனப் பாத்துத்தான் நாங்க நடுங்குனோம். எனக்கு எங்க பெரிய துரை ஞாபகம் வந்துருச்சு" என்றார் பெரியவர். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

படம் முடிந்த பிறகுதான் வேடிக்கை. மேல் லயத்துக்காரர்கள் ரப்பர் காட்டைக் கடந்து போக வேண்டும். யாரும் முதலில் எழுந்திருக்க மாட்டார்கள். ஒருவர் கைலி நுனியை அடுத்தவர் பிடித்துக்கொண்டு ரயில் வண்டி மாதிரி நடந்தார்களாம். விடிந்தும் விடியாத ஐந்து மணிக்கு அதே காட்டுக்குள், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு நிரையில் தனியாக நிற்க வேண்டும். "ராத்திரி பயந்தது போதாதுன்னு காலையில வேற பயம். ஆனா பெரட்டுக்குப் போகலைன்னா பேரு போயிடுமே!" என்றார் ஓர் அம்மா.

பொந்தியானாக்கை எடுத்தவர் யார்?

அடுத்து வந்தது மலாய்ப் படம். திடலில் மலாய்ப் படம் போட்டால் பக்கத்துக் கம்பத்து ஜனங்களும் சைக்கிளில் வந்துவிடுவார்கள். பயம் என்று வரும்போது அவர்களும் நாமும் ஒரே பாயில்தான் உட்கார்ந்தோம்.

'பொந்தியானாக்' 1957-இல் சிங்கப்பூரில் கேத்தே கெரிஸ் நிறுவனம் எடுத்த படம். மரியா மெனாடோ நடித்தார். இயக்கியவர் யார் தெரியுமா? பி. என். ராவ். கேரளத்தில் பிறந்து, தமிழ்ப் படங்களை இயக்கிய பிறகு இங்கே வந்தவர். 1941-இல் ஜெமினியின் 'மதனகாமராஜன்' படத்தையும், 1945-இல் 'சாலிவாகனன்' படத்தையும் எடுத்த அதே ராவ்தான்! அடுத்த ஆண்டு, 1958-இல், 'ஓராங் மிஞ்ஞாக்' படத்தை எடுத்த எல். கிருஷ்ணனும் பினாங்கில் வளர்ந்த தமிழர். அதே 1958-இல் பி. ரம்லியும் 'சும்பா ஓராங் மிஞ்ஞாக்' எடுத்தார். ஊரார் கேலி செய்து துரத்திய ஒரு கூனன், பாத்தேக் துணிக்குச் சித்திரம் போடும் கலைஞன், எப்படி எண்ணெய் மனிதனாக மாறினான் என்பது கதை. இந்த நாட்டுப் பேய்ப் படங்களில் நம்மவர் கையும் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

'பொந்தியானாக்' படத்தின் கதையும் நெஞ்சைத் தொடும். கூனலும் அழகற்ற முகமும் கொண்ட ஒரு பெண் மந்திரத்தால் அழகியாகிறாள். ஒரே ஒரு நிபந்தனை: இரத்தம் நாக்கில் படக்கூடாது. கல்யாணம் ஆகிறது. ஒருநாள் கணவனைப் பாம்பு கடித்துவிடுகிறது. அவள் என்ன செய்வாள்? வாயை வைத்து விஷத்தை உறிஞ்சுகிறாள். இரத்தம் நாக்கில் பட்டது. பொந்தியானாக் ஆகிவிட்டாள். புருஷன் உயிரைக் காப்பாற்றப் போனவளுக்குக் கிடைத்த பலன் அது! பால்மரக் காட்டில் பாம்போடு பழகிய நமக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த முதல் படத்தின் சுருள் இன்று இல்லை, அழிந்துவிட்டது. அந்த வரிசையில் மூன்றாவதாக 1958-இல் வந்த 'சும்பா பொந்தியானாக்' மட்டும் தப்பியிருக்கிறது.

எங்கள் அத்தை

இந்த இடத்தில், அதுவரை பேசாமல் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஓர் ஆயா வாய் திறந்தார். "பொந்தியானாக்குன்னா யாரு தம்பி? புள்ள பெக்கறப்ப செத்தவ. அந்த மாதிரி எத்தன பேர நாங்க பாத்திருக்கோம். அவங்கள்லாம் பேயா?"

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் யாரும் பதில் சொல்லவில்லை. நமக்கோ நம் அத்தையின் ஞாபகம் வந்துவிட்டது.

1988 வாக்கில், நாம் தோட்டப் பள்ளியில் இரண்டாம் மூன்றாம் வகுப்பு படித்த காலம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். இரவு பத்து மணிக்கு லயத்தில் விளக்கு அணைந்துவிடும். அன்று நடுராத்திரி அத்தைக்கு வலி கண்டது. மாமா ஓடிப்போய் லோரி கேட்டார். காலையில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. காலையில் லோரி வந்தது. அத்தையும் இல்லை, குழந்தையும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அத்தை வீட்டுப் பின்பக்கம் போக எல்லாரும் பயந்தார்கள். வாசலில் வேப்பிலை கட்டினார்கள். பிள்ளைகளை ஆறு மணிக்கே உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். நமக்குச் சோறு ஊட்டிய அத்தையைப் பார்த்து நாமே பயந்தோம்! ஆனால் லோரி ஏன் வரவில்லை என்று ஆபீசில் போய்க் கேட்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. பேய்க்குப் பயந்தவர்கள் ஆபீசுக்கு அதைவிட அதிகமாகப் பயந்தோம்.

பிற்காலத்தில் நாம் சங்க வேலைக்கு வந்ததற்குக் காரணம் கேட்பவர்களிடம் ஏதேதோ சொல்வதுண்டு. உண்மையான காரணம் அந்த ராத்திரிதான்.

அடுப்பில் காலை வைத்தவள்

பேச்சு கனத்துவிட்டதைப் பார்த்து ஒரு தம்பி வீடியோ காலத்துக்கு இழுத்துவந்தார். 'ஜகன்மோகினி'! விட்டலாச்சார்யா 1978-இல் தெலுங்கில் எடுத்து, தமிழ் பேசி வந்த படம். விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்புக்குள் வைத்துச் சமைக்கும் பேயை யார் மறக்க முடியும்? லயத்தில் ஒரே வீட்டில்தான் வீடியோ. தலைக்கு இருபது காசு கொடுத்து, சன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பார்த்தோம். அப்புறம் ஒரு வாரத்துக்கு அம்மா அடுப்பு ஊதும்போது காலைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

அந்த வாரமே பத்தாம் நம்பர் காட்டில் வெள்ளைச் சேலை ஆடுகிறது என்று பால்வெட்டுப் பெண்கள் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். தண்டல் வந்து பார்த்தால், மழைத் தண்ணீர் மங்கில் விழாமல் இருக்க மரத்தில் கட்டிய பிளாஸ்டிக் தாள்! பாதி பிய்ந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பாதிச் சம்பளம்தான். ஜகன்மோகினி கொடுத்த நஷ்டம் அது.

எந்தப் படம் பார்க்கலாம்?

கூட்டத்தில் சொன்னதையும் நம் கருத்தையும் சேர்த்துச் சொல்கிறோம்.

முதலாவது 'நெஞ்சம் மறப்பதில்லை'. பிள்ளைகளோடு தைரியமாகப் பார்க்கலாம். இரத்தம் இல்லை, பயம் உண்டு. அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் ஏ. வின்சென்ட் அடுத்த ஆண்டே, 1964-இல், மலையாளத்தில் 'பார்கவி நிலையம்' என்ற படத்தை இயக்கினார். வைக்கம் முகம்மது பஷீர் எழுதிய கதை. காலியான வீட்டில் குடியேறும் ஓர் எழுத்தாளன், அங்கே இருக்கும் பேயோடு சிநேகமாகப் பேசிப் பேசி அவள் எப்படிச் செத்தாள் என்று கண்டுபிடிக்கிறான். கிடைத்தால் விடாதீர்கள்.

இரண்டாவது, 1966-இல் வந்த 'யார் நீ'. ஜெய்சங்கர், ஜெயலலிதா நடித்தது. மழையில் வெள்ளைச் சேலையில் நிற்கும் பெண்ணைப் பார்த்து நடுங்குவீர்கள். கடைசியில் பார்த்தால் அது சொத்துக்காக மனிதன் போட்ட நாடகம்! அடுத்த ஆண்டு ஏவி.எம். எடுத்த 'அதே கண்கள்' படத்திலும் கொலை செய்வது பேயல்ல, ஆள்தான். "இன்னைக்குப் பேய் இருக்குன்னு யாராவது சொன்னா, அதனால யாருக்கு லாபம்னு மொதல்ல பாருங்க" என்றார் அந்தத் தம்பி. நல்ல பேச்சு.

மூன்றாவது, இளைஞர்களுக்குத் தெரிந்த 'சந்திரமுகி' (2005). அதற்கு மூலம் 1993-இல் ஃபாசில் எடுத்த மலையாளப் படம் 'மணிச்சித்ரதாழ்'. முடிந்தால் மூலத்தைப் பாருங்கள். பேய் பிடித்ததாக நினைத்த பெண்ணுக்கு வந்திருப்பது மனநோய் என்று ஒரு வைத்தியர் கண்டுபிடிக்கிறார். இதை நாம் ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்றால், கூலிம் பக்கம் ஒரு பெண்பிள்ளை அடிக்கடி விழுந்து கைகால் உதறியது. பேய் என்று சொல்லிப் பூசாரி, போமோ என்று அலைந்து நூற்றுக்கணக்கான வெள்ளியைக் கரைத்தார்கள். கடைசியில் அரசாங்க மருத்துவமனைக்கு நாமே கூட்டிப்போனோம். இழுப்பு நோய் என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். இன்று அந்தப் பெண் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். கோயிலுக்கும் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் கிளினிக்குக்குப் போங்கள்.

நான்காவது, தப்பிப் பிழைத்த 'சும்பா பொந்தியானாக்'. பார்த்துவிட்டுப் பிள்ளைகளிடம் அந்த ஆயா கேட்ட கேள்வியைக் கேளுங்கள்.

இனி கேட்போம்

இன்று அந்தத் திடல்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. லயத்து ஜனங்கள் தாமான்களில் சிதறிக் கிடக்கிறார்கள். ஆளுக்கொரு கைப்பேசியில் தனித்தனியாகப் படம் பார்க்கிறோம். சேர்ந்து பயப்படுவதுகூட ஒரு பலம் என்பது அந்த மழை ராத்திரியில்தான் நமக்குப் புரிந்தது. சம்பளம் போட்ட சனிக்கிழமை கோயில் மண்டபத்திலோ சமூக மண்டபத்திலோ ஒரு பழைய படத்தைப் போடுங்கள். பெரியவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். படம் முடிந்ததும் அவர்களைப் பேச விடுங்கள்.

அப்போது இதையும் சொல்லுங்கள். தொழிலாளர்களின் குடியிருப்பு, மருத்துவ வசதி பற்றி 1990-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. பேறுகால விடுப்பு 60 நாளாக இருந்தது. 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து 98 நாள். கர்ப்பிணி என்ற காரணத்துக்காக ஒரு பெண்ணை வேலையிலிருந்து நிறுத்த முடியாது. உங்கள் தோட்டத்தில் இது நடக்கவில்லையென்றால் கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள். ராத்திரி என்றாலும் பரவாயில்லை, கதவைத் தட்டுங்கள்.

மழை விட்டதும் மின்சாரம் வந்தது. எல்லாரும் செருப்பைத் தேடினோம். அந்த ஆயாவை வீடுவரை கொண்டுபோய் விட்டோம். வழியில், "ஒங்க அத்த பேரு என்னா தம்பி?" என்று கேட்டார். சொன்னோம். "நல்லாப் பாடுவாளே அவ!" என்றார்.

முப்பத்தைந்து ஆண்டுக்கு மேலாகிறது. அத்தை பாடுவார் என்பது அன்றுதான் நமக்குத் தெரிந்தது.

உங்களைப் பயமுறுத்திய படம் எது? எந்தத் தோட்டத்துத் திடலில் பார்த்தீர்கள்? எழுதி அனுப்புங்கள்.