மலைநாட்டுச் சேமிப்பும் கடல் கடந்த காணியும்

பதுளைத் தோட்டத் தொழிலாளி ஒருவர் தம் சேமிப்பைக் கொண்டு இந்தியாவிலே காணி வாங்க விரும்பினால், கையில் பணம் இருந்தால் மட்டும் போதாது. அதனைக் கடல் கடத்த அனுமதியும் வேண்டியிருந்தது. 1953ஆம் ஆண்டின் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் விதித்த நியதி அது.

1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க இசைந்தது. அவர்கள் சேமலாப நிதி, பணிக்கொடை உட்படத் தம் உடைமைகளைக் கொண்டுசெல்லலாம் என இலங்கை உறுதியளித்தது. குடும்பமொன்றுக்குரிய உச்சவரம்பை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைப்பதில்லை என்றும் இசைந்தது. அதாவது, செலாவணி நெருக்கடி நேரினும் அத்தொகைக்குக் காப்பு இருந்தது. ஆயினும், வரம்பு தலைக்கன்று, குடும்பத்துக்கே. உழைத்த கைகள் பலவாயினும் கணக்கு ஒன்றே.

சட்டத்துக்கு அது செலாவணி. கொழுந்து பறித்தவர்க்கோ அதுவே நாளைய வீடும் வயலும்.